டிரான்ஸ்ஃபார்மர் எப்போது பழுதாகும் என்று மாடலால் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான். கேட்டவர் ஒரு மின் வினியோக அமைப்பின் டேட்டா பிரிவில் வேலை பார்க்கிறார். 12,000 வினியோக டிரான்ஸ்ஃபார்மர்களின் ஐந்து வருடப் பழுதுப் பதிவுகளை வைத்து, எது அடுத்த ஒரு வருடத்துக்குள் பழுதாகும் என்று சொல்லும் மாடல் ஒன்றைச் செய்திருக்கிறார். வருடத்துக்குச் சுமார் 72 பழுதாகின்றனவாம். டேட்டாவைச் சுத்தம் செய்யும்போது வயது மைனஸில் வந்த வரிகளை நீக்கிவிட்டாராம். மாடலின் துல்லியம் 99.4%. ஆனால் பராமரிப்புப் பிரிவில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை, நியூரல் நெட்வொர்க் (பல அடுக்குகளாகக் கற்கும் சிக்கலான மாடல்) போட்டால் சரியாகுமா, பழுதாகும் தேதியையே சொல்லும் அளவுக்கு இதைக் கொண்டுபோக முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 99.4%. 72ஐ 12,000ஆல் வகுத்துப் பாருங்கள், 0.6% வரும். “எதுவுமே பழுதாகாது” என்று ஒரே வரியில் எழுதிவைத்த மாடலுக்கும் 99.4% துல்லியம் கிடைக்கும். உங்கள் மாடல் அதைத்தான் செய்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். எத்தனை டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு அது “பழுதாகும்” என்று பதில் தந்தது என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்ஜியமோ, ஒற்றை இலக்கமோ வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பழுது என்பது அபூர்வமாக நடப்பது. அபூர்வமானதைத் தேடும் இடத்தில் துல்லியம் என்ற அளவுகோலுக்கு வேலையே கிடையாது.

பராமரிப்புப் பிரிவின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். அவர்களிடம் இருப்பது இத்தனை ஆள், இத்தனை வண்டி, வருடத்தில் வேலை செய்யக் கிடைக்கும் இத்தனை நாள். வருடத்தில் 600 டிரான்ஸ்ஃபார்மர்களை நேரில் போய்ப் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். எந்த 600 என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 600ஐ எடுத்தால், பழுதாகப் போகிறவை அதில் மூன்று நான்கு இருக்கும். உங்கள் பட்டியலின் முதல் 600ல் 20 இருந்தாலே அது பெரிய காரியம். மீதி 580 வீண் பயணம்தானே என்பார்கள். ஒரு வீண் பயணத்துக்கு என்ன செலவு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் என்ன செலவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஆக, உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஆம் இல்லை என்ற பதிலை அல்ல, ஒரு வரிசையை.

இதை இப்படிப் புரிந்துகொண்டு செய்த வேலைக்கு நான் எப்போதும் காட்டுவது நியூயார்க் நகரத்து மேன்ஹோல்களை. அங்கே மின் கேபிள்கள் தெருவுக்கு அடியில் ஓடுகின்றன, அவற்றை எட்ட இறங்கும் குழிகள்தான் இந்த மேன்ஹோல்கள். இன்சுலேஷன் கெட்டுக் கருகினால் மேன்ஹோலிலிருந்து புகை வரும், தீப்பிடிக்கும், சில சமயம் இரும்பு மூடியே வெடித்துப் பறக்கும். அந்த நகரத்துக்கு மின்சாரம் தரும் கான் எடிசன் நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, எந்த மேன்ஹோலை முதலில் திறந்து சோதிப்பது என்று வரிசைப்படுத்தும் மாடலைச் செய்தன. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சிந்தியா ரூடின். 1882லிருந்து மின்சாரம் ஓடும் நகரம் அது. 1930க்கு முன்னால் போட்ட கேபிள்கள்கூட இன்னும் புழக்கத்தில் இருந்தன. 2008 வரையிலான பதிவுகளை வைத்துப் பட்டியல் போட்டு, 2009ல் பிராங்க்ஸ் பகுதியில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய அசம்பாவிதம் நடந்த மேன்ஹோல்களில் 44%, பட்டியலின் முதல் 10%க்குள் இருந்தன.

குருட்டாம்போக்கில் எடுத்திருந்தால் 10%தான் சிக்கியிருக்கும். நான்கு மடங்குக்கு மேல் லாபம். ஆனால் பாதிக்கு மேற்பட்டவை அந்த முதல் 10%க்கு வெளியேதான் வெடித்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தத் துறையில் நல்ல மாடல் என்றால் இப்படித்தான் இருக்கும். “90% பிடித்துவிட்டோம்” என்று யாராவது வந்தால், நான் முதலில் அவருடைய டேட்டாவில் ஓட்டை தேடுவேன். இன்னொன்று: நூற்றுக்கும் மேற்பட்ட காரணிகளை அலசிய பிறகு கடைசியில் அதிகம் எடை பெற்றவை கேபிளின் வயதும், அந்த மேன்ஹோலில் முன்பு தொல்லை இருந்ததா என்பதும்தான். தெருவில் வேலை பார்த்தவர் யாரும் இதை வாயாலேயே சொல்லியிருப்பார். பிறகு மாடல் எதற்கு என்றால், பல்லாயிரம் மேன்ஹோல்களுக்கும் அதை ஒரே சீராகக் கணக்குப் போட்டுச் சொல்ல எந்த மனிதராலும் முடியாது என்பதற்காக.

சரி, தேதி விஷயத்துக்கு வருவோம். முடியாது. டேட்டா போதாது, கணினி போதாது என்பதால் முடியாமல் போகவில்லை. பழுது உண்டாகும் விதமே அப்படி.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்களுக்குக் காகிதம் சுற்றியிருக்கும், மொத்தமும் எண்ணெயில் மூழ்கியிருக்கும். அந்தக் காகிதத்தின் பலம் செல்லுலோஸ் சங்கிலிகளின் நீளத்தில் இருக்கிறது. புதுக் காகிதத்தில் சராசரியாக ஒரு சங்கிலிக்கு ஆயிரம் கண்ணிகள் வரை இருக்கும். வெப்பம், ஈரம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. 200க்கு அருகே வந்துவிட்டால் காகிதத்தின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். சாதாரணக் காகிதத்துக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இந்த மூப்பின் வேகம் இரட்டிப்பாகிறது என்பது ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரநிலைக் கணக்கு. ஆகவே லோடு, வெளி வெப்பம், எண்ணெயின் ஈரம் ஆகியவற்றை வைத்து, காகிதம் இன்று எந்த நிலையில் இருக்கும் என்று ஓரளவு நன்றாகவே சொல்லலாம்.

ஆனால் நொறுங்கும் நிலைக்கு வந்த காகிதம் அன்றைக்கே கைவிட்டுவிடாது. யாரும் உலுக்காதவரை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். பிறகு ஒரு நாள் எங்கோ ஒரு ஃபீடரில், அதாவது மின்சாரம் கொண்டுபோகும் லைனில், ஷார்ட் சர்க்யூட் ஆகும். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறப்பதற்குள், சாதாரணமாக ஓடுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் இந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பாய்ந்துவிடும். அந்த விசையில் சுருள்கள் ஒன்றையொன்று தள்ளும், காகிதம் கிழியும், அத்தோடு முடிந்தது. அதே அடி பத்து வருடம் முன்னால் விழுந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சிரித்துக்கொண்டே தாங்கியிருக்கும்.

ஆக, பழுதுக்கு இரண்டு பேர் வேண்டும்: உள்ளே இருக்கும் பலவீனம், வெளியிலிருந்து விழும் அடி. பலவீனம் மெதுவாகச் சேர்வது, தடயம் விட்டுச் செல்வது, மாடலுக்குப் பிடிபடும். அடி என்பது மின்னல், புயலில் விழும் கிளை, பள்ளம் தோண்டும் எந்திரம். அது விழும் நாளை யாராலும் சொல்ல முடியாது. அதனால் “மார்ச் 14 அன்று பழுதாகும்” என்பது ஜோசியம். “அடுத்த 12 மாதத்தில் பழுதாக 4% வாய்ப்பு, உங்கள் சராசரியோ 0.6%” என்பதுதான் உருப்படியான பதில். 4% என்று நீங்கள் சொன்னவற்றில் நூற்றுக்கு நான்கு உண்மையிலேயே பழுதானதா என்று பிறகு சரிபார்க்கவும் வேண்டும். பட்டியல் வரிசை சரியாக இருந்து இந்தச் சதவீதம் தப்பாக இருப்பது சகஜம். அந்தத் தப்பான எண்ணைப் புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் பட்ஜெட்டில் போட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

இதற்கு ஒத்துவரும் கணித வழி, மருத்துவ ஆய்வுகளில் புழங்கும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. 1972ல் டேவிட் காக்ஸ் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. அதன் நன்மை என்னவென்றால், இன்னும் பழுதாகாத டிரான்ஸ்ஃபார்மரையும் அது சரியாகக் கணக்கில் எடுக்கும். “30 வயதாகிறது, இன்னும் நன்றாக இருக்கிறது” என்பதும் ஒரு தகவல்தானே? வெறும் ஆம் இல்லை மாடலுக்கு அந்தத் தகவலில் பாதி போய்ச் சேராது.

இனி டேட்டா. உங்கள் நேரத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும், போகாவிட்டால் மாடலை நம்ப முடியாது.

பழுதுப் பதிவேடு யாருக்காக எழுதப்பட்டது? உங்களுக்காக அல்ல. இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்தவர், அடுத்த ஷிப்டுக்காரருக்குப் புரிந்தால் போதும் என்று அடித்துப் போட்டது. அந்த நியூயார்க் வேலையில், கேபிள் இணைப்புப் பெட்டியைக் குறிக்கும் ‘சர்வீஸ் பாக்ஸ்’ என்ற ஒரே சொல்லை ஊழியர்கள் குறைந்தது 38 விதமாக எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் ஒன்று சேர்ப்பதே தனி வேலையாக இருந்தது. உங்களிடமும் இருக்கும். “ஃப்யூஸ் போயிற்று, மாற்றியாயிற்று” என்பது பழுதா? “டிரான்ஸ்ஃபார்மர் மாற்றம்” என்று இருந்தால் எரிந்ததால் மாற்றினார்களா, லோடு கூடியதால் பெரியதாக மாற்றினார்களா? இரண்டாவதைப் பழுது என்று எண்ணினால், வளரும் பகுதிகளில் இருக்கும் நல்ல டிரான்ஸ்ஃபார்மர்களையெல்லாம் மாடல் நோயாளி என்று சொல்லும். புயல் நாளில் காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் “புயல்” என்றே எழுதியிருப்பார்கள். அதில் எது மரம் விழுந்து போனது, எது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது என்று பதிவு சொல்லாது. நான் இம்மாதிரி வேலைகளில் முதல் இரண்டு வாரம் நிரல் எழுதுவதே இல்லை. இருநூறு முந்நூறு பதிவுகளை அச்சடித்துக்கொண்டு போய், அவற்றை எழுதியவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பேன். டீ செலவு மட்டும்தான்.

அடுத்தது, எதிர்காலம் கடந்த காலத்துக்குள் கசிவது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான ஒரு மாடலில், “கடைசி 90 நாளில் எத்தனை முறை எண்ணெய் சோதித்தார்கள்” என்ற காரணி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. நானும் சந்தோஷமாகப் போய்க் காட்டினேன். அங்கிருந்த பொறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: “எங்களுக்குச் சந்தேகம் வந்தால்தான் அடிக்கடி சோதிப்போம். எங்கள் சந்தேகத்தையே எங்களுக்குத் திருப்பி விற்கிறீர்களா?” பதில் இல்லை. மாடல் டிரான்ஸ்ஃபார்மரைப் படிக்கவில்லை, அவரைப் படித்திருந்தது. அந்தக் காரணியை எடுத்த பிறகு கிடைத்த, பார்க்கச் சுமாரான எண்தான் உண்மையான எண்.

இதே காரணத்தால்தான் டேட்டாவைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 என்று பிரிக்கக் கூடாது. குலுக்கினால் 2023ன் புயலைப் பார்த்துவிட்ட மாடல் 2021ஐக் கணிக்கும். காலத்தை வைத்து வெட்டுங்கள். முதல் மூன்று வருடத்தில் பயிற்சி, நான்காவது வருடத்தில் சரிபார்ப்பு, ஐந்தாவது வருடத்தைக் கடைசிவரை தொடவே கூடாது.

இப்போது நியூரல் நெட்வொர்க். உங்களிடம் ஐந்து வருடத்துக்கு 360 பழுதுகள் இருக்கின்றன. அவ்வளவுதான் உங்கள் மாடல் பார்த்த பழுதுகள். வயது, கொள்ளளவு, உச்ச லோடு, அந்த இடத்தில் விழும் மின்னல், முன்பு பார்த்த பழுது, தயாரிப்பாளர் என்று அட்டவணையாக இருக்கும் டேட்டாவுக்கு ஒவ்வொரு காரணிக்கும் ஒரு எடை போட்டு வாய்ப்பைச் சொல்லும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் தொடங்குங்கள். அப்புறம் பல சின்ன முடிவு மரங்களைக் கூட்டும் கிரேடியன்ட் பூஸ்டிங். அதற்கு மேல் ஏறினால், ஏறிய களைப்புதான் மிஞ்சும். அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள்: வயது, முன்பு பழுதானதா என்ற இரண்டை மட்டும் வைத்து எக்ஸெலில் ஒரு வரிசை போடுங்கள். உங்கள் மாடல் அதைத் தோற்கடிக்கிறதா? எத்தனையோ மாடல்கள் அந்த எக்ஸெலிடம் தோற்று நான் பார்த்திருக்கிறேன், என்னுடையதும் சேர்த்து.

நியூரல் நெட்வொர்க்குக்கு இடம் இருப்பது கருவிகள் பதிவு செய்யும் மின் சிக்னல்களின் அலைவடிவங்களில். இன்சுலேஷனுக்குள் சிறு வெற்றிடமோ விரிசலோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பொறி தட்டும். இதைப் பகுதி மின்னிறக்கம் என்பார்கள். முழுப் பழுதுக்கு வாரங்கள், மாதங்கள், சில சமயம் வருடங்கள் முன்பே தொடங்கிவிடும். செக் நாட்டின் ஆஸ்ட்ராவா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இன்சுலேஷன் போர்த்திய மேல்நிலைக் கம்பிகளில் இதைக் கண்டுபிடிக்க 2018 கடைசியில் டேட்டா போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. ஒவ்வொரு சிக்னலும் 20 மில்லி விநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் 8,00,000 புள்ளிகள். அதில் ரேடியோ ஒலிபரப்பும், கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் நடக்கும் கரோனா என்ற மின்னிறக்கமும் கலந்து, பொறி போலவே தோற்றம் காட்டும். பலரும் ஆழ்ந்த நெட்வொர்க்குகளோடு இறங்கினார்கள். முதலிடம் பெற்ற தீர்வோ சிக்னலில் இருக்கும் சிகரங்களைப் பொறுக்கி, அவற்றின் உயரம், வடிவம் போன்ற சில அளவுகளை எடுத்து, லைட்ஜிபிஎம் என்ற பூஸ்டிங் கருவியில் போட்டது. டேட்டா அலைவடிவமாக இருந்தாலும், பொறி எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே அனுகூலம்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இந்தப் பொருளறிவு இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்கள்தான் அங்கே நாடித்துடிப்பு. எண்ணெயில் பொறி தட்டினால் ஹைட்ரஜன் எழும். எண்ணெய் கொதித்தால் எத்திலீன். காகிதம் வெந்தால் கார்பன் மோனாக்சைடு. முழு ஆர்க் (பலத்த மின்பொறி) அடித்தால்தான் அசிட்டிலீன் தாராளமாக வரும், அதனால் அதைப் பார்த்தாலே எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். மூன்று வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்துப் பழுதின் வகையைப் படிக்கும் முறையை மிஷெல் டுவால் 1970களிலேயே கொடுத்துவிட்டார். இன்றைய மாடல்களில் பல அந்த முக்கோணத்துக்கு அலங்காரம் செய்தவைதான்.

ஒரு முறை எங்கள் பட்டியலின் முதலிடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. அசிட்டிலீன் ஆறு மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது. ஷட்டவுன் எடுத்துத் திறந்துவிடலாம் என்று பேச்சு. அங்கே வெகுகாலமாக இருந்த ஃபோர்மேன் தாளை வாங்கிப் பார்த்தார். “தம்பி, ஹைட்ரஜனும் எத்திலீனும் ஏறவே இல்லையே. ஆர்க் அடித்தால் அசிட்டிலீன் மட்டும் தனியாகவா வரும்? டேப் சேஞ்சர் எண்ணெய் உள்ளே கசிகிறது, போய்ப் பாருங்கள்” என்றார். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி அடிக்கும், அது அதன் தொழில். அதனால் அதன் எண்ணெயில் அசிட்டிலீன் எப்போதும் இருக்கும். இரண்டு எண்ணெய்க்கும் நடுவே இருந்த சீல் போயிருந்தது. சீலை மாற்றினோம். மாடலில் டேப் சேஞ்சர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணையும், வாயுக்கள் சேர்ந்து ஏறுகின்றனவா என்பதையும் புதிதாகச் சேர்த்தோம். அதன்பிறகு அந்த ஃபோர்மேன் நாங்கள் கூப்பிடாமலேயே பட்டியலைப் பார்க்க வர ஆரம்பித்தார். உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அவருக்கு “ஆபத்து 0.83” என்ற எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் வந்திருக்க மாட்டார். “அசிட்டிலீன் ஏறுகிறது, லோடு ஏறவில்லை, இதே வகையில் முன்பு இரண்டு போயிருக்கின்றன” என்று காரணத்தோடு கொடுத்ததால்தான் அவரால் மறுக்கவும் முடிந்தது.

உங்கள் வினியோக டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு யாரும் எண்ணெய் எடுத்து வாயு பார்க்க மாட்டார்கள், கட்டுப்படியாகாது. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருக்கும் மீட்டர்களின் லோடைக் கூட்டி, அது எத்தனை மணி நேரம் கொள்ளளவுக்கு மேல் உழைத்தது என்று கணக்கிடலாம். என் அனுபவத்தில் வயதுக்கு அடுத்து அதிகம் பேசுவது அதுதான்.

தனித்தனிக் கருவி பழுதாவது ஒன்று, முழுக் கட்டமைப்பே சரிவது வேறொன்று. இரண்டையும் ஒரே மாடலில் அடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹையோவில் 345 கிலோவோல்ட் லைன் ஒன்று மாலை 3:05க்கு மரத்தில் உரசி ட்ரிப் ஆனது. அப்போது அதன் லோடு கொள்ளளவில் பாதிகூட இல்லை. அந்த லோடு பக்கத்து லைன்கள் மேல் ஏற, அவையும் சூடேறித் தொய்ந்து மரங்களில் பட்டன. கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது, அது செத்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சில நிமிடங்களில் எல்லாம் சரிந்தது.

இதை எந்த மாடல் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? லோடு டேட்டாவைப் பார்க்கும் மாடலுக்கு அந்த முதல் லைன் ஆரோக்கியமாகவே தெரிந்திருக்கும். அங்கே தேவைப்பட்டது மரத்தின் உயரம். இன்றைக்கு லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் கருவியோடு ஹெலிகாப்டரோ ட்ரோனோ பறந்து, கம்பிக்கும் கிளைக்கும் இடைவெளியை அளக்கிறது. செயற்கைக்கோள் படத்திலிருந்து மர வளர்ச்சியைக் கணித்து எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது என்று மாடல் வரிசை போடுகிறது. பட இயந்திரக் கற்றலுக்கு இது அருமையான இடம். ஆனால் முழுச் சரிவைக் கணிப்பது வேறு ஆட்டம். அவை அவ்வளவு அபூர்வம், பயிற்சி கொடுக்க உதாரணமே கிடையாது. ஆகவே கணினியில் லட்சக்கணக்கான செயற்கைச் சரிவுகளை ஓட்டிப் பார்த்து, அவற்றில் மாடலைப் பழக்குகிறார்கள். “ஏதாவது ஒன்று போனாலும் மற்றவை தாங்க வேண்டும்” என்ற விதியைச் சோதிக்க, எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று சொல்லும் பவர் ஃப்ளோ கணக்கு பலமுறை ஓட வேண்டும். அதை வேகப்படுத்தவும் மாடல் உதவுகிறது. விநாடிக்கு 30 முதல் 60 முறை வரை, ஜிபிஎஸ் நேரத்தோடு அளக்கும் பிஎம்யூ கருவிகள் வந்த பிறகு, ஊசலாட்டம் தொடங்குவதை ஆபரேட்டருக்குச் சொல்லவும் முடிகிறது. ஆனால் பிரேக்கரைத் திறக்கும் முடிவை இன்றும் பழுதை உணர்ந்து பிரேக்கருக்குக் கட்டளையிடும் ரிலே கருவியின் கையில்தான் விட வேண்டும். அதன் கணக்கு எளிமையானது, ஏன் திறந்தது என்று பிறகு கேட்டால் பதில் சொல்லும்.

உங்கள் பட்டியலை அவர்கள் பயன்படுத்தத் தொடங்கினால் அடுத்த வருடமே ஒரு சங்கடம் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். முதல் 600ஐச் சரிசெய்துவிடுவார்கள், அவை பழுதாகாது. அடுத்த முறை பயிற்சி கொடுக்கும்போது மாடல் “நான் ஆபத்து என்று சொன்னவை ஒன்றுமே ஆகவில்லையே” என்று கற்றுக்கொண்டு தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். மேலிடமும் அதே கேள்வியைக் கேட்கும். இதற்கு என்ன செய்யலாம்? நேரில் போனவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்பதை, எண்ணெய் ஒழுகல், கருகிய புஷ்ஷிங் (கம்பி உள்ளே நுழையும் இடத்துப் பீங்கான் காப்பு), தளர்ந்த இணைப்பு என்று, பழுதுக்குச் சமமான தகவலாகப் பதிவு செய்ய வையுங்கள். அதோடு, பட்டியலுக்கு வெளியிலிருந்தும் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கூட்டத்திலும் கண்ட குறைகளை ஒப்பிட்டால் மாடலின் மதிப்பு தெரிந்துவிடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதியிருந்த அந்த மைனஸ் வயது வரிகள். எனக்கு உறுத்துவது அதுதான். பல அமைப்புகளில் சொத்துப் பட்டியலில் ஒரு கம்பத்துக்கு ஒரு வரிதான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து புதியது வைத்தால், அந்த வரியிலேயே நிறுவிய தேதியை மாற்றி எழுதிவிடுவார்கள். பழையது இருந்ததற்கான சுவடே இருக்காது. 2021ல் எரிந்த பதிவை இந்தப் பட்டியலோடு சேர்த்தால், 2021ல் எரிந்த டிரான்ஸ்ஃபார்மர் 2022ல் நிறுவப்பட்டதாக வரும். வயது மைனஸ் 1. சுத்தம் செய்கிறோம் என்று அந்த வரியை நீக்கினால், நீக்கியது பிழையை அல்ல, ஒரு பழுதை. நீங்கள் நீக்கியவற்றை மறுபடி எடுத்து, அவற்றில் எத்தனை வரிகளுக்குப் பழுதுப் பதிவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த எண் 10 என்றால் ஒரு மாதிரி, 150 என்றால் வேறு மாதிரி. 150 என்றால் பழைய தேதிகளைக் கிடங்கின் வழங்கல் பதிவேட்டிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.